முப்பத்திரண்டுக்கு ஊசி தேடிய சவரிமுத்து அண்ணை

இளைய மகளைக் கார்டெறி என்னும் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வெளியே வந்தபோது ரெலிபோன் அடித்தது. தெரியாத குரல். "அக்கா, நான் சவரிமுத்துட மகள் றெஜினா. அப்பா காலம போயிட்டார். நெஞ்சடைப்பாம். அவர்ர போன்ல உங்கட நம்பர்தான் மேல இருந்திச்சு." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. நான்தான் நடைபாதையில் நின்று அழுதேன். குழந்தைகளைக் கொண்டுவந்த வெள்ளைக்காரப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வில்லரேயில் அவருடைய உடல் வைக்கப்பட்டிருந்த மண்டபத்தில் உங்களில் பலரைக் கண்டேன். நல்ல மனிசன் என்றீர்கள். கோயிலுக்குத் தவறாமல் வருவார், ஒருவருடனும் சண்டைக்குப் போகமாட்டார் என்றீர்கள். எல்லாம் உண்மை. பிறகு ஒருவர், "கார் பார்ட்ஸ் கடையில வேலை செய்தவர், பேந்து ஏனோ விட்டிட்டார். கொஞ்சம் சோம்பல் போல," என்றார். பக்கத்தில் இருந்தவரும் தலையாட்டினார். செத்த வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாதே என்றுதான் அடங்கி இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கார் பார்ட்ஸ் கதை. அது பொய். அவரும் நானும் சேர்ந்து சொன்ன பொய். நாங்கள் வேலை செய்தது புவாண்ட்-கிளேரில், பெருந்தெருவை ஒட்டிய ஒரு சின்னக் கட்டடத்தில். இலக்குப் பார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்களின் கைத்துப்பாக்கிகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் இடம் அது. ஸ்பிரிங், குழல், பிடி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுடும் ஊசி என்று எல்லாம் தபாலில் போகும். கடையில் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் சட்டப்படி நடந்த வியாபாரம். ஆனால் அந்த வருடங்களில் ஒரு தமிழ்ப் பெயரும் துப்பாக்கி என்ற சொல்லும் ஒரே வசனத்தில் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பொலிஸ் ஒரு பக்கம் கேட்கும், நம் ஆட்கள் மறு பக்கம் வேறு மாதிரிக் கேட்பார்கள். ஆகவே கார் பார்ட்ஸ். "கேட்டா பிரேக் எண்டு சொல்லுங்க புள்ள, பிரேக்கப் பத்தி ஒருத்தரும் மேல கேக்கமாட்டாங்க," என்று பஸ்ஸில் வைத்துச் சொல்லித்தந்தவர் அவர்தான்.

முதலாளி றோலான், கியூபெக்காரர். நான் பிரெஞ்சில் ரெலிபோன் எடுப்பேன், அண்ணை தட்டுகளைப் பார்ப்பார். அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்றை அவர்தான் விளங்கப்படுத்தினார். துப்பாக்கிக்குத் துப்பாக்கி தோட்டாவின் அளவு வேறு. கடையில் அதைக் கலிபர் என்போம். ஒன்பது மில்லிமீற்றர், நாற்பத்தைந்து போன்ற அளவுகளுக்கு உலகம் முழுக்க ஆட்கள் பாகம் செய்து விற்கிறார்கள். எங்கள் தட்டுகளும் அவற்றால்தான் நிறைந்திருந்தன. முப்பத்திரண்டு போன்ற அளவுகளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கைத்துப்பாக்கிகளை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் போட்டிக்குச் சுடும் வயதானவர்கள். ஊசி ஒன்று உடைந்தால் துப்பாக்கியைச் செய்த கொம்பனி கடலுக்கு அப்பால் இருக்கும், கடிதத்துக்குப் பதிலும் போடாது. எங்கள் கடை முழுவதிலும் முப்பத்திரண்டுக்கு இருந்தது ஒரு சப்பாத்துப் பெட்டி அளவு இடம்தான்.

நான் சுலபமாக 'இல்லை' சொல்லி ரெலிபோனை வைத்துவிடுவேன். அண்ணைக்கு அது பொறுக்காது. "இல்லையெண்டு மட்டும் சொல்லாதீங்க. எங்கையோ ஒரு இடத்தில இருக்கும். தேடுறம் எண்டு சொல்லுங்க," என்பார். மூடிய கடைகளின் மிச்சச் சாமான்களையும், இறந்துபோன சுடும் விளையாட்டுக்காரர்களின் மனைவிமார் விற்கும் பெட்டிகளையும் தேடித் தேடி விசாரிப்பார். அப்படியும் கிடைக்காத ஒரு ஊசிக்காக அவர் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒன்ராறியோவில் கடைசல் பட்டறை வைத்திருந்த ஒருவர், போதுமான ஆட்கள் சேர்ந்தால் ஒரு தொகுதி செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். அண்ணை உடனே சீட்டுப் பிடிக்கத் தொடங்கிவிட்டார். ஆம், நம் ஆட்கள் பிடிக்கும் அதே சீட்டு. மாகாணம் முழுக்கச் சிதறியிருந்த முப்பத்திரண்டுக்காரர்களை ஒவ்வொருவராக என்னைக் கொண்டு அழைப்பித்தார். யாருக்கு முதலில் தேவை, யார் பொறுப்பார் என்று வரிசை போட்டார். ஒருவர் விலகினால் இன்னொருவரைப் பிடித்தார். சீட்டு என்றால் என்னவென்று அந்தக் கியூபெக்காரர்களுக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தி என் தொண்டை வறண்டது.

அந்த வரிசையில் மிகவும் பொறுமையாகக் காத்திருந்தவர் மாடம் தெரேஸ். ரொக்ஸ்பரோவில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. எழுபதை நெருங்கிய வயது. கிழமைக்கு ஒருமுறை ரெலிபோன் எடுத்து, "என் ஊசி பிறந்துவிட்டதா?" என்று கேட்பார். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு வணக்கத்துக்குப் பொன்ஷூரும் நன்றிக்கு மெர்சியும்தான், ஆனாலும் ரெலிபோனைத் தன்னிடம் தரச் சொல்லுவார். "பொன்ஷூர் மாடம் தெரேஸ். மெர்சி மாடம் தெரேஸ்." அதற்கே அந்த அம்மாள் அந்தப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாள் முழுக்கத் துப்பாக்கியின் பாகங்களைத் தலைமயிர்க் கிளிப் போலத் தொட்டுப் பிரித்து அடுக்கும் அந்த மனிதருக்கு வெடிச்சத்தம் கேட்கக் கூடாது. மட்டக்களப்பில் என்ன கண்டார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கோடையில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடக்கும் இரவுகளில் மெற்றோவில் ஏறி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய் வருவார். நிலத்துக்குக் கீழே சத்தம் வராதாம். மனைவி பிலோமினாவும் மகள் றெஜினாவும் அப்போது ஊரில்தான் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் உள்ளே போயிருந்தது. வழக்கறிஞர் அவரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: முடிவு வரும்வரை வேலையை விட்டுவிடாதே, அரசாங்க உதவிப் பணத்தில் விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். அதனால் காய்ச்சலோடும் வேலைக்கு வருவார்.

ஊசிகள் ஒருவாறாக வந்து சேர்ந்தன. அதே பொதியில் வேறொரு துப்பாக்கிக்கான ஊசிகளும் வந்தன. இரண்டும் மெல்லிய பிளாஸ்ரிக் பைகளில் இருந்தன. அண்ணை பைகளை எறிந்துவிட்டு நல்ல பெட்டிகளுக்கு மாற்றினார். இங்கேதான் எங்கள் வீட்டுப் பழக்கம் கடைக்குள் வந்தது. நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் என்ன இருக்கும்? கருவாடு இருக்கும். பிஸ்கற் ரின்னில் நூலும் ஊசியும். பெட்டிக்கு மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று நம் ஆட்கள் ஒருவரும் பார்ப்பதில்லை. எது உறுதியான பெட்டியோ அதற்குள் போடுவோம், எங்கே வைத்தோம் என்பதைக் கை அறியும். "பெட்டியப் படிக்கிறதா, திறந்து பாக்கிறதா?" என்று அவரே கேலி செய்வார். அந்தக் கிழமையில் நல்ல உறுதியான பழைய பெட்டி ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அதன்மேல் முப்பத்திரண்டு என்று அச்சடித்திருந்தது. அதற்குள் மற்ற ஊசிகளைப் போட்டு, அவற்றுக்கு உரிய தட்டில்தான் வைத்தார். அவரும் நானும் மட்டும் எடுத்திருந்தால் ஒரு பிழையும் நடந்திராது.

ஆனால் பிறகு வந்த நாட்களில் அவருக்குக் கடும் காய்ச்சல், எழும்பவே முடியவில்லை. என் மூத்த பிள்ளைக்கும் சுகமில்லை, நான் இடைக்கிடை தலைகாட்டிவிட்டுப் போனேன். றோலான் தானே ஓடர்களை எடுத்து அனுப்பினார். இந்த நாட்டு மனிதர், எழுத்தைப் படித்துத்தானே எடுப்பார்?

சனிக்கிழமை காலை, தேங்கிய வேலையை முடிக்க நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம். வெளியே, விழுந்ததும் பனிக்கட்டியாகிவிடும் உறைமழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணை அந்தப் பெட்டியைத் திறந்தார், ஒரு ஊசியை எடுத்துப் பார்த்தார், பிறகு மூடியைத் திருப்பிப் படித்தார். அவர் ஒரு பெட்டியைப் படித்து அன்றுதான் கண்டேன். "புள்ள, இதில ரெண்டு குறையுது," என்றார். மிச்சத்தை மறுபடியும் எண்ணினார்.

அந்த ஊசி முப்பத்திரண்டின் ஊசியைவிட ஒரு நகத்தின் தடிப்பு அளவு நீளம். பொருத்தினால் சரியாகத்தான் உட்காரும். ஆனால் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தோட்டா உள்ளே ஏறும்போதே, சுடுகிறவர் இன்னும் குறிபார்க்காதபோதே, வெடித்துவிடலாம். கை எங்கே இருக்கிறதோ, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ!

ரொக்ஸ்பரோ விலாசம் எழுதிய பொதி ஒன்றைக் கிழமை நடுவில் தபால்காரரிடம் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. மாடம் தெரேஸின் வீட்டுக்கு எடுத்தேன். கணவர் பேசினார். ஊசி வந்த சந்தோசத்தில் மனைவி இரவே சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொருத்திவிட்டாராம். சற்றுமுன்தான் சுடும் கிளப்புக்குப் புறப்பட்டாராம். கையில் ரெலிபோன் இல்லை. கிளப்புக்கு எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணை, வாங்கோ. ஓடிப்போய் மாத்திக் குடுத்திட்டு வருவம். றோலானுக்கு ஒண்டும் தெரியத் தேவையில்லை," என்றேன்.

"மத்த ஊசி?"

"அதைப் பேந்து நான் பாக்கிறன்."

"மறுகா, பேந்து எண்டெல்லாம் ஒண்டும் இல்ல புள்ள. அது யார்ர கையில இருக்கெண்டு றோலானுக்குத்தான் தெரியும்."

"உங்களுக்கு விசரே? வழக்கறிஞர் என்ன சொன்னவர்? எடுத்து அனுப்பினது அவர். அவர் தன்ர பிழையெண்டு நினைச்சிட்டுப் போகட்டும். பிலோமினா அக்காவை யோசியுங்கோ!"

நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் ரெலிபோனை எடுத்து என் கையில் வைத்தார். "நான் மாத்திப் போட்டனான் எண்டு சொல்லுங்க. எண்ட பேரச் சொல்லுங்க." சொன்னேன். றோலான் என்னை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, மற்றது துறுவா-றிவியேரில் ஒருவருக்குப் போனது, அவரைத் தான் பிடிப்பதாகச் சொன்னார். "திங்கட்கிழமை சவரியோடு பேசுகிறேன்," என்று வைத்தார். எந்தக் குரலில் சொன்னார் என்பது அண்ணைக்கும் கேட்டது. அவர் சரியான ஊசி ஒன்றை ரிசுத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் லைசன்ஸ் எடுத்து அதிக காலமில்லை. கண்ணாடியாகக் கிடந்த தெருவில், கைகள் ஸ்ரியரிங்கில் ஒட்டிப்போக, பாலம் தாண்டி, நகரம் இருக்கும் தீவுக்கு வெளியே போனோம். முன்னால் ஒரு லொறி வழுக்கிக் குறுக்கே நின்றது. நான் ஹோர்னை அடித்தேன், அழுதேன், றோலானைத் திட்டினேன், அண்ணையையும் திட்டினேன். செபம் சொல்கிறாரோ என்று பார்த்தேன். உதடு அசையவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளப் ஒரு நீளமான கட்டடம். காரை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. சுவருக்குள்ளிருந்து பட், பட் என்று. அண்ணை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நீங்கள் இருங்கோ, நான் போறன்," என்றேன். அவர் கதவை மூடிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

உள்ளே மேசையில் இருந்த மனிதர் எழும்பி அங்கத்துவ அட்டையைக் கேட்டார். குளிருக்கு முகத்தை மூடிய இரண்டு மண்ணிற ஆட்கள், மூச்சு வாங்கிக்கொண்டு, துப்பாக்கிக் கிளப்பில். அவர் கை ரெலிபோனுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து என் பிரெஞ்சு முழுவதும் எங்கோ போய்விட்டது. ஊசிக்கு என்ன சொல் என்றுகூட வரவில்லை. "மாடம் தெரேஸ், மாடம் தெரேஸ்," என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். அண்ணை காத்திருக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்த கதவை நோக்கிப் போனார். மேசைக்காரர் எட்டி அவருடைய கோட்டைப் பிடித்தார். அண்ணை கோட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு, உள்ளே போனார்.

கதவு திறந்ததும் சத்தம் என் பல்லுக்குள் இறங்கியது. வரிசையாக ஆட்கள், எல்லோருடைய காதிலும் மூடி, எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தபடி. கத்தினாலும் கேட்காது. தொட்டால் திடுக்கிட்டுத் துப்பாக்கியோடு திரும்பிவிடுவார்கள். அண்ணை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். விரல்களை விரித்து, உள்ளங்கை தெரியும்படி. ஊரில் சோதனைச்சாவடிக்குள் நடப்பதுபோல, அவசரப்படாமல், அவர்களின் முதுகுகளுக்குப் பின்னால் நடந்து போனார். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய தோள் துள்ளியது. கைகள் இறங்கவில்லை. ஈரத்தில் ஒட்டிய சுவெற்றரும் உயர்ந்த கைகளுமாக அவரைக் கண்ட கண்காணிப்பாளர் பெரிய குரலில் ஏதோ கத்தி, ஒரு மணியை அடித்தார். சத்தம் நின்றது.

"மாடம் தெரேஸ்!" என்று அண்ணை கூப்பிட்டார்.

கடைசி இடத்தில் நின்ற வெள்ளைத் தலைமயிர் அம்மாள் காதுமூடியைக் கழற்றினார். துப்பாக்கி அவருக்கு முன்னால் மேசையில் கிடந்தது. துப்பாக்கிக்குள் செருகும், தோட்டாக்கள் நிரப்பிய சின்னப் பெட்டகம் இடக்கையில் இருந்தது. இன்னும் ஏற்றவில்லை. "முசியே சவரி?" என்றார். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

எனக்குப் பிரெஞ்சு அப்போதுதான் திரும்பி வந்தது. கண்காணிப்பாளர் ஊசியைக் கழற்றி, அண்ணை ரிசுவிலிருந்து எடுத்துக்கொடுத்ததோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டையும் மாடம் தெரேஸிடம் காட்டினார். அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த வாங்கில் இருந்துவிட்டார். பிறகு அண்ணையின் கையைப் பிடித்து, "மெர்சி முசியே சவரி," என்றார். வழக்கமாக அண்ணை ரெலிபோனில் சொல்வதுபோல, விளையாட்டாகச் சொல்லப் பார்த்தார், முடியவில்லை.

காருக்குள் வந்ததும் அண்ணை சொன்னார்: "கொஞ்சம் பொறுத்து எடுங்க புள்ள." வெகுநேரம் அங்கேயே இருந்தோம். துறுவா-றிவியேர்க்காரரின் பொதி பிரிக்காமலே கிடந்ததாம். றோலான் பிடித்துவிட்டார்.

திங்கட்கிழமை றோலான் அவரை வேலையால் நிறுத்தினார். காப்புறுதிக்காரருக்கு நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும், சொன்னால் யாரை வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை, சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது. ஆனால் கலங்கிய கண்ணோடுதான் நிறுத்தினார்.

அந்த வயதில், அந்தப் பிரெஞ்சோடு, வேறு வேலை இலேசில் கிடைக்கவில்லை. வாடகைக்கு உதவிப் பணம் எடுக்கவேண்டி வந்தது. வழக்கறிஞர் சொன்னபடியே விண்ணப்பம் நின்றது. பிறகு ஒரு தெப்பனரில், மூலைக்கடையில், பெட்டி இறக்கும் வேலை கிடைத்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியபோது பிலோமினா அக்காவுக்கு ஊரில் நோய் வந்து முற்றியிருந்தது. விசா வருமுன் அவர் போய்விட்டார். றெஜினா தனியாக வந்தாள். சோம்பலில் வேலையை விட்டவர் என்று நீங்கள் சொன்ன காலம் இதுதான்.

மண்டபத்தில் எல்லோரும் போன பிறகு றெஜினா என் பக்கத்தில் வந்து இருந்தாள். "அக்கா, அப்பா ஏன் அந்த வேலைய விட்டவர்? கடையப் பூட்டிட்டாங்க எண்டுதான் எனக்குச் சொன்னவர். நான் நம்பேல்ல. அதில நாங்க சரியாக் கதைக்கிறதும் இல்ல," என்றாள். நான் முழுவதையும் சொன்னேன்.

"அந்த மனிசி இப்பவும் இருக்காவா?"

"இருக்கிறா. கண் மங்கிப்போச்சு, இப்ப சுடுறேல்லை."

"அவட புருசன்?"

"அவரும் இருக்கிறார்."

றெஜினா தகப்பனுடைய சவப்பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். "ரெண்டு பேருமா இருக்காங்க," என்றாள். பிறகுதான் அழுதாள்.

அண்ணை அந்தச் சனிக்கிழமை ரெலிபோனை என் கையில் வைத்தபோது அதன் விலை பிலோமினா அக்கா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். வேறு மாதிரிச் செய்திருப்பார் என்று நினைக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. நானும் அவரோடு எவ்வளவு காலம் இருந்தவள்! அப்போதும் ரெலிபோனை என் கையில் வைத்து, எண்ட பேரச் சொல்லுங்க என்றுதான் சொல்லியிருப்பார். அதற்காக அவரோடு எனக்கு இன்றும் கோபம். உங்களிடம் அவருடைய நல்ல குணங்கள் நிறைய இருக்கின்றன, வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கோபம் போதும்.